ஓதம், எடை, டயர்... பிரிட்டனில் பழைய கேரவன் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது எதை?

'கேரவன்' என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது, ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்களுக்காக நிற்கும் ஏ.சி வண்டிதான். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. அங்கே கேரவன் என்பது, சொந்த காரின் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகும் சின்ன வீடு. அதற்கு இன்ஜின் கிடையாது. இரண்டு பேர் படுக்க இடம், ஒரு அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், மூலையில் ஒரு டாய்லெட். பள்ளி விடுமுறை விட்டால் கடற்கரைக்கோ மலைப்பக்கமோ கிளம்பிவிடும் நடுத்தரக் குடும்பங்களின் வண்டி அது.

லண்டனிலோ மான்செஸ்டரிலோ வேலை பார்க்கும் மகனோ மகளோ, "ஒரு பழைய கேரவன் வாங்கலாம்னு இருக்கோம்" என்று வாட்ஸ்அப்பில் சொன்னால், "சீட், கர்ட்டன் எல்லாம் நல்லா இருக்கா?" என்றுதான் வீட்டில் கேட்கத் தோன்றும். ஆனால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவல்ல. "உங்க கார் எவ்வளவு எடையை இழுக்கும்?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வாங்கினால் பணம் மட்டுமல்ல, உயிரும் ஆபத்தில் சிக்கலாம்.

குதிரை இழுத்த வண்டி

உல்லாசப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட முதல் கேரவன் என்று சொல்லப்படுவது 'தி வாண்டரர்'. பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்து, பிறகு சிறுவர் கதைகள் எழுதிய வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்பவருக்காக 1885-ல் பிரிஸ்டலில் செய்யப்பட்ட வண்டி அது. இழுத்தவை குதிரைகள். 1907-ல் கேரவன் பிரியர்களுக்கென ஒரு கிளப் தொடங்கப்பட்டது. 'கேரவன் அண்ட் மோட்டார்ஹோம் கிளப்' என்ற பெயரில் அது இன்றும் இயங்குகிறது. பிரிஸ்டலின் பெய்லி, ஹல் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்விஃப்ட் ஆகியவை இன்றைய முக்கியத் தயாரிப்பாளர்கள்.

புதிய கேரவன் விலை பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் 15, 20 ஆண்டுகள் ஓடிய சிறிய கேரவன்களுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. சில ஆயிரம் பவுண்டுகளில் முடிந்துவிடும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் கார்... அப்புறம்தான் கேரவன்!

எல்லா கார்களும் கேரவனை இழுக்கத் தகுதியானவை அல்ல. காரின் கதவு ஓரத்திலோ பானட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதில், கார் தனியாகச் சுமக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடையும், காரும் டிரெய்லரும் சேர்ந்து இருக்கக்கூடிய அதிகபட்ச எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது எண் இல்லையென்றால், அந்த கார் இழுவைக்கு அனுமதிக்கப்பட்டதல்ல என்று அர்த்தம். சில சின்ன கார்களும் எலெக்ட்ரிக் கார்களும் இந்த இடத்திலேயே கழன்றுகொள்ளும்.

அடுத்தது, 85 சதவிகிதக் கணக்கு. இது சட்டம் அல்ல. ஆனால், புதிதாக இழுக்கப் பழகுபவர்களுக்கு கேரவன் துறையினர் காலம்காலமாகச் சொல்லும் அறிவுரை. சாமான்களோடு சேர்த்து கேரவனின் அதிகபட்ச எடை, காரின் எடையில் 85 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. கார் 1,400 கிலோ என்றால், கேரவன் 1,190 கிலோவுக்குள் இருக்க வேண்டும். வால் கனத்தால் நாயை வால் ஆட்டும் கதையாகிவிடும்!

கேரவனின் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் தகட்டில் இந்த எடை இருக்கும். வெறும் வண்டியாக எவ்வளவு, சாமான் ஏற்றி அதிகபட்சம் எவ்வளவு என இரண்டு கணக்குகள் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் மூட்டை முடிச்சுக்கான இடம். காலி எடை 1,000 கிலோ, அதிகபட்சம் 1,150 கிலோ என்றால், கையில் இருப்பது 150 கிலோதான். பேட்டரிக்கு 20 கிலோ, கேரவனை ரிமோட்டில் நகர்த்த உதவும் மோட்டாருக்கு 30 கிலோ, வெளியே விரிக்கும் பந்தலுக்கு 20 கிலோ என்று கழித்தால் மிச்சம் 80 கிலோ. துணிமணி, பாத்திரம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 40 லிட்டர் தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 40 கிலோ போச்சு. அதனால்தான், தண்ணீரை போய்ச் சேர்ந்த இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். சந்தேகம் இருந்தால், வண்டியோடு எடை மேடையில் ஏறிப் பார்த்துவிடலாம்.

மூக்கும் கட்டைவிரலும் சொல்லும் உண்மை

எடை சரி. இனி கேரவனைப் பார்க்கலாம். பழைய கேரவனின் முதல் எதிரி ஓதம்தான். நம் ஊர் வீடுகளில் மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறுகிறதே, அதே கதைதான். ஆனால், இங்கே சுவர் செங்கல் அல்ல. பெரும்பாலான பழைய கேரவன்களில் மரச்சட்டம்தான் எலும்புக்கூடு. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே பிளைவுட், நடுவில் தெர்மாகோல் போன்ற அடைப்பு. தகடுகள் சேரும் இடங்களில் பூசிய பசை, வருடங்கள் ஆக ஆகக் காய்ந்து வெடிக்கும். அந்த மயிரிழை இடைவெளி போதும், மழைநீர் உள்ளே இறங்க. வெளியே பளபளவென்று நிற்கும் வண்டியின் உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும்.

கதவைத் திறந்ததும் முதலில் வேலை செய்ய வேண்டியது மூக்கு. ஈரத்துணியை மூட்டைகட்டி வைத்ததுபோல் வாடை வந்தால் உஷார். ரூம் ஃபிரெஷ்னர் வாசனை தூக்கலாக இருந்தால் இன்னும் உஷார்! அடுத்தது கட்டைவிரல். ஜன்னல் ஓரங்கள், மேல் அலமாரிகளின் உள்மூலைகள், படுக்கைக்கு அடியில் இருக்கும் பெட்டிகள், முன்-பின் மூலைகள் என ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்கட்போல அமுங்கினால் உள்ளே மரம் இல்லை, மாவுதான் இருக்கிறது. தரையில் மெதுவாக நடந்து பார்க்க வேண்டும். பொதுபொதுவென்று அமுங்கினால், அங்கேயும் தொல்லை.

ஓதத்தை அளக்கும் சின்னக் கருவியும் கிடைக்கிறது. 15 சதவிகிதத்துக்குள் என்றால் கவலை இல்லை. 15 முதல் 20 வரை காட்டினால் கண்காணிக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால், நீர் எங்கிருந்து வருகிறது என்று தேடியாக வேண்டும். 30-ஐத் தாண்டினால் சட்டமே சேதமாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியைச் சரிசெய்யும் செலவு, வாங்கிய விலையையே விழுங்கிவிடலாம். மழை பெய்து ஓய்ந்த நாளில் போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

டயர் தேயாது... ஆனால், கெடும்!

கேரவன் வருடத்தில் பாதி நாள் நின்ற இடத்திலேயே நிற்கும். அதனால், டயரின் பட்டன்கள் தேயாமல் புதிதுபோல இருக்கும். ஆனால், வெயிலும் பாரமும் ரப்பரை உள்ளுக்குள் வெடிக்கவைக்கும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2317 என்று இருந்தால், 2017-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. 5 ஆண்டுகள் ஆனதும் மாற்றிவிடுவது நல்லது, 7 ஆண்டுகளைத் தாண்டவே கூடாது என்பது அங்கே சொல்லப்படும் விதி.

கேஸ் இணைப்பையும் பிரேக்கையும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. அங்கீகரிக்கப்பட்ட கேரவன் மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்த புத்தகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கார்களுக்கு இருப்பதுபோல கேரவனுக்குக் கட்டாய வருடாந்தரத் தகுதிச் சோதனை அங்கே கிடையாது. சர்வீஸ் புத்தகம்தான் அதன் ஒரே மருத்துவக் குறிப்பு. தரையில் இருக்கும் சின்னத் துளைகளை யாராவது, 'குளிர்காற்று வருகிறது' என்று அடைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கேஸ் கசிந்தால் கீழே இறங்கி வெளியேறும் வழி அது. கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், முதல் செலவு அதுவாகவே இருக்கட்டும்.

திருட்டு வண்டியா?

பிரிட்டனில் கேரவனுக்கு ஆர்.சி புக் கிடையாது. இழுக்கும் காரின் நம்பரைத்தான் கேரவனின் பின்னாலும் மாட்ட வேண்டும். இது திருடர்களுக்கு வசதி. அதனால், 1992 முதல் 'கிரிஸ்' என்ற பதிவுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 17 இலக்க எண் கேரவனின் சட்டத்திலும் ஜன்னல் கண்ணாடிகளிலும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லா இடத்திலும் அதே எண்தானா, எங்காவது சுரண்டிய தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறு கட்டணம் கட்டினால், அது திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். விற்பவரின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது நல்லது. 'பாதி வழியில் சந்திக்கலாம், கேஷாகக் கொடுங்கள்' என்றால் திரும்பிவிடுவது அதைவிட நல்லது.

மாட்டுவதற்கு முன்...

2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் 3,500 கிலோ வரையிலான டிரெய்லரை இழுக்கலாம். 1997-க்குப் பிறகு லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு அதற்கு முன்பு இருந்த தனித் தேர்வு இப்போது இல்லை. தேர்வு இல்லை என்பதற்காகப் பயிற்சி தேவையில்லை என்று அர்த்தமல்ல. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் கேரவனின் பின்பகுதி இடப்பக்கம் போகும். இதைக் காலி மைதானத்தில் பழகிக்கொள்ள வேண்டும். கிளப்புகள் இதற்கென்றே பயிற்சி வகுப்புகள் நடத்துகின்றன.

கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியவை:

* கேரவனின் கொக்கி, காரின் உருண்டையில் முழுதாக உட்கார்ந்து பூட்டியிருக்கிறதா? முன்சக்கரக் கம்பியை லேசாக உயர்த்தினால் காரின் பின்பக்கமும் சேர்ந்து எழும்ப வேண்டும்.
* அறுபடும் பாதுகாப்பு கேபிள் மாட்டியாயிற்றா? வண்டி தப்பித்தவறிக் கழன்றால், கேரவனின் பிரேக்கைப் பிடித்து நிறுத்துவது இதுதான்.
* நான்கு மூலைக் கால்களும் முன்சக்கரமும் மேலே தூக்கப்பட்டுவிட்டனவா? ஹேண்ட் பிரேக் எடுத்தாயிற்றா?
* மின் இணைப்பு மாட்டி, பிரேக் லைட், இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றனவா? சுமார் 2008-க்கு முந்தைய வண்டிகளில் 7 பின் பிளக் இரண்டும், பிந்தையவற்றில் 13 பின் பிளக் ஒன்றும் இருக்கும். பொருந்தாவிட்டால் அடாப்டர் தேவை.
* கேரவன் காரைவிட அகலமா? அப்படியானால், நீட்டிப்புக் கண்ணாடிகள் கட்டாயம்.
* கூரை ஜன்னல், அலமாரிக் கதவுகள், கேஸ் வால்வு மூடியாயிற்றா?

கனமான பொருள்கள் எல்லாம் சக்கரத்துக்கு நேர் மேலே, தரையில் இருக்க வேண்டும். மேல் அலமாரியில் துணி மட்டும். கொக்கியின் மேல் விழும் பாரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. மொத்த எடையில் 5 முதல் 7 சதவிகிதம். 1,150 கிலோ கேரவனுக்கு சுமார் 58 முதல் 80 கிலோ. ஆனால், காரின் கொக்கிக்கு 75 கிலோதான் அனுமதி என்றால் 75-ஐத் தாண்டக் கூடாது. ஒரு மரக்கட்டையும் பாத்ரூம் எடை மெஷினும் இருந்தால், வீட்டிலேயே அளந்துவிடலாம்.

பாம்புபோல நெளிந்தால்...

இத்தனை கணக்கும் எதற்கு? பின்பக்கம் பாரம் அதிகமாகி, வேகமும் கூடி, பக்கத்தில் ஒரு லாரி கடந்துபோனால், கேரவன் பாம்புபோல இடமும் வலமும் நெளியத் தொடங்கும். சில நொடிகளில் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும் பலம் அதற்கு உண்டு. பதறி பிரேக்கை அழுத்துவதும், ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்புவதும்தான் பெரிய தவறு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட வேண்டும்.

வேக வரம்பும் அதற்காகத்தான். கேரவனோடு போகும்போது மோட்டார்வேயிலும் இரட்டைச் சாலையிலும் மணிக்கு 60 மைல், சாதாரண ஒற்றைச் சாலையில் 50 மைல். மூன்று லேன் அல்லது அதற்கு மேல் உள்ள மோட்டார்வேயில் வலது ஓர லேனுக்குப் போகக் கூடாது. ஓடும் கேரவனுக்குள் குழந்தைகள் உட்பட யாரும் உட்காரக் கூடாது.

முதல் பயணத்தை 300 மைல் தள்ளித் திட்டமிட வேண்டாம். வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடத்தில் ஒரே ஓர் இரவு. கிளப் உறுப்பினர்களுக்கு, ஐந்து கேரவன்களுக்கு மேல் அனுமதிக்காத சின்னச் சின்ன இடங்கள் கிராமங்களில் உண்டு. கூட்டம் இல்லாத அங்கே, தடுமாறித் தடுமாறி ரிவர்ஸ் எடுத்தாலும் வேடிக்கை பார்க்க அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை, அடுப்பு பற்றவில்லை, தலையணையை மறந்தாயிற்று என்றாலும் கவலையில்லை. காலையில் வீட்டுக்கு வந்து டிபன் சாப்பிட்டுக்கொள்ளலாம்!