சக்திமானுக்கு ஒரு சுற்றுமானி

சக்திமான் என்றதும், 1997 முதல் தூர்தர்ஷனில் பம்பரமாய்ச் சுழன்று வந்த வீரர்தான் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவார். அவருக்கு வெகு காலம் முன்பே அந்தப் பெயரில் ஒரு லாரி இருந்தது. கிருஷ்ண மேனன் பாதுகாப்பு அமைச்சராக இருந்தபோது, ஜெர்மனியின் மான் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1959-இல் ஜபல்பூரில் தயாரிக்கத் தொடங்கிய ராணுவ டீசல் லாரி அது. 1990களில் அதன் உற்பத்தி நின்றது. அதன் இடத்துக்கு நம் எண்ணூர்க்காரர்களான அசோக் லேலண்டின் ஸ்டாலியன் வந்தது. ராணுவம் கழித்துவிட்ட சக்திமான்கள் ஏலத்தில் வெளியே வந்து மலைப்பாதைகளில் சுமை இழுத்தன.

1999-இல் அப்படி ஒரு வண்டியை எடுத்திருந்தார், வேலூர்ப் பக்கத்துச் சுபேதார் ஒருவர். ஓய்வுக்குப் பின் டில்லியிலேயே தங்கிவிட்டவர். ரிஷிகேசத்திலிருந்து நரேந்திரநகர் வழியாக டெஹ்ரிக்குச் சரக்கு ஓட்டினார். ஒரு நாள் திரும்பி வரும்போது இறக்கத்தில் அவசரமாகக் கீழ் கியருக்கு மாற்றினார். இன்ஜின் அலறியது. வளைந்த புஷ் ராடுகளோடு வண்டியைக் கட்டியிழுத்து வர வேண்டியதாயிற்று.

"இருபத்தாறு வருஷம் காதாலேயே ஓட்டினவன் சார் நான். இப்ப காது சரியாக் கேக்கலை" என்றார். வண்டி மேல் கடன் இருந்தது. டிரைவர் வைத்தால் கட்டுப்படியாகாது. ஒரு சுற்றுமானி, அதாவது டாக்கோமீட்டர், பொருத்தித் தர முடியுமா என்று கேட்டார்.

டீசல் இன்ஜினில்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தக் கவர்னர் உண்டே என்று சிலர் நினைக்கலாம். கவர்னரால் டீசலை நிறுத்த முடியும்; அவ்வளவுதான். இறக்கத்தில் சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கீழ் கியரில் போட்டால், எண்ணெயே போகாவிட்டாலும் இன்ஜின் எகிறும். வால்வு ஈடுகொடுக்க முடியாமல் பிஸ்டனில் மோதும். நான் பழகிய டபிள்யூ.டி.எம்.-2 ரயில் இன்ஜினில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே இன்ஜின் மின்சாரம் உண்டாக்குகிறது. மோட்டார் சக்கரத்தைச் சுற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே பல்சக்கரத் தொடர்பில்லை. சும்மா நிற்கும்போது நிமிஷத்துக்கு 400 சுற்று, எட்டாவது நாட்ச்சில் 1000 சுற்று. டிரைவர் காதைத் தீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

பெட்ரோல் வண்டியில் சுற்றுமானி மாட்டுவது சுலபம். பற்றவைக்கும் காயிலிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் போதும். டீசலில் ஸ்பார்க் பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. எதை எண்ணுவது? ஆல்ட்டர்னேட்டரின் 'டபிள்யூ' முனையிலிருந்து எடுக்கலாம். ஆனால் பெல்ட் வழுக்கினால் கணக்கு பொய்யாகும். இன்ஜக்‌ஷன் பம்பின் தண்டு இன்ஜினின் பாதி வேகத்தில் சுற்றும். அதிலிருந்து கேபிள் எடுக்கவும் வழியுண்டு. நான் பம்பைத் தொட விரும்பவில்லை. மிஞ்சியது ஃபிளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியர். அது வழுக்காது, பொய் சொல்லாது. எதிரே காந்தப் பிக்-அப் ஒன்றை நிறுத்தினால், ஒவ்வொரு பல் கடக்கும்போதும் ஒரு மின்துடிப்பு. 120 பல் என்று வைத்துக்கொண்டால், 1000 சுற்றில் விநாடிக்கு 2000 துடிப்பு.

டில்லியில் மின்வெட்டு படுத்திய பாட்டில் ஜெனரேட்டர் சாமான் கிடைக்காத கடையில்லை. காஷ்மீரி கேட்டில் பிக்-அப்பும் மீட்டரும் அகப்பட்டன. லாரி 24 வோல்ட் என்பதால் மீட்டரும் 24 வோல்ட்தானா என்று இரண்டு முறை கேட்டு வாங்கினேன்.

மாயாபுரியில் ஒரு பட்டறையில் வேலை. ஸ்டார்ட்டரைக் கழற்றி, சாக்பீஸால் குறியிட்டு, கடப்பாரையால் ஃபிளைவீலை நெம்பி நெம்பிப் பல்லை எண்ணினோம். இரண்டு தடவையும் ஒரு பல் வித்தியாசம். மூன்றாம் தடவை சுபேதாரே எண்ணினார், இந்தியில். பெல் ஹவுசிங்கில் துளை போடும்போது துரப்பணத்துக்குக் கிரீஸ் தடவிக்கொண்டோம். இரும்புத் தூள் உள்ளே விழுந்தால் கிளட்ச் கெடும். பிக்-அப்பைப் பல்லில் தொடும்வரை திருகி, முக்கால் சுற்றுப் பின்வாங்கிப் பூட்டினோம். அதற்கு முன் ஃபிளைவீலை ஒரு முழுச் சுற்று கையால் சுற்றிப் பார்த்தது அவசியமான காரியம். எங்காவது உரசினால் பிக்-அப் போயிற்று.

கை டாக்கோமீட்டரால் ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்தச் சொன்னேன். ஊசி ஏறி ஓர் இடத்தில் நின்றது. அதுதான் கவர்னரின் எல்லை. அதற்குச் சற்றுக் கீழே சிவப்புப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டேன். இறக்கத்தில் கியர் குறைக்கும் முன் பிரேக்கால் வேகத்தை அடக்குங்கள், மாற்றிய பிறகும் ஊசி கோட்டைத் தொடக் கூடாது என்றேன். தலையாட்டினார்.

மூன்று வாரம் கழித்து வந்தார். டெஹ்ரி போய் வந்தாயிற்று. ஊசி ஒருமுறைகூடக் கோட்டைத் தொடவில்லையாம்.

"ஆனா ராத்திரியில ஒண்ணும் தெரியலை சார். டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டே வந்தேன்" என்றார்.

திறந்து பார்த்தேன். மீட்டரைத்தான் 24 வோல்ட்டா என்று கேட்டேனே தவிர, உள்ளே இருந்த பல்பை நான் பார்க்கவில்லை. அது 12 வோல்ட். முதல் நாளே கருகியிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் காஷ்மீரி கேட் போனேன்.