4 கோடி வருஷமா பிசினுக்குள் சிக்கிக் கிடக்கும் முசுறு எறும்பு!

கொட்டாம்பட்டி: மாங்காய் பறிக்க மரம் ஏறியவர்களுக்கு முசுறு எறும்பைப் பற்றி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இலைக் கூட்டில் கை பட்டால் போதும், படையாகப் பாய்ந்து சட்டைக்குள் புகுந்து பதம் பார்த்துவிடும். ஆனா, இந்த எறும்பு வம்சத்தோட வயசு தெரியுமா?

கல்லான பிசின்

பழங்காலக் காடுகளில் குங்கிலியம் மாதிரி வடிந்த பிசின் மண்ணில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளில் கல் போல இறுகியதுதான் 'ஆம்பர்'. வடியும்போது அதில் ஒட்டிய பூச்சி, கால், மீசையோடு அப்படியே உள்ளே இருக்கும். நம்ம நாட்டில் குஜராத் மாநிலம் சூரத் அருகே வஸ்தான் நிலக்கரிச் சுரங்கத்திலும் ஆம்பர் கிடைத்தது. அதில் 700-க்கும் மேற்பட்ட பூச்சி வகை உயிர்கள் இருந்ததாக 2010-ல் விஞ்ஞானிகள் அறிவித்தனர்.

முசுறு சிக்கியது ஐரோப்பாவின் பால்டிக் கடலோர ஆம்பரில். அதன் வயது சுமார் 4 கோடி ஆண்டு. ஆஸ்திரிய விஞ்ஞானி குஸ்டாவ் மாயர் 1868-ல் அதற்கு 'ஓய்கோபில்லா பிரிஷ்கி' என்று பெயர் வைத்தார். 'ஓய்கோபில்லா' என்றால் இலை வீடு.

அழிந்தது ஏன்?

அப்போது ஐரோப்பா வெக்கை பூமி. பிறகு குளிர் கூடியது. வெப்பத்தில் வாழும் முசுறு அங்கே இல்லாமல் போனது. இன்று உலகத்தில் மிச்சம் இரண்டே இனம். ஒன்று ஆப்பிரிக்காவில். இன்னொன்று இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை. நம்ம மாமரத்தில் இருப்பது இதுதான்.

குழந்தைதான் நூல் கண்டு!

முசுறுகள் வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடிக்கும். வளர்ந்த எறும்புக்கு நூல் வராது. அதனால் புழுப் பருவக் குட்டியை வாயில் கவ்வி வந்து, அது விடும் பட்டு நூலால் இலைகளை ஒட்டும். கென்யாவில் ஒரு முசுறு கூட்டமே புழு, கூட்டுப்புழுவோடு கல்லாகிக் கிடைத்தது. இலைத் துண்டுகளும் கூடவே இருந்தன. 1964-ல் அதை ஆராய்ந்தவர்கள், இன்றைய முசுறு போலவே அதிலும் பெரிய, சின்ன வேலைக்கார எறும்புகள் இருந்ததைக் கண்டனர்.

மருந்து அடிக்கும் முன்...

மாமரத்துப் பூச்சி, புழுக்களை முசுறு வேட்டையாடும். சீனாவில் சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே ஆரஞ்சுத் தோட்டத்துக்கு இந்தக் கூடுகளை விலைக்கு வாங்கிக் கட்டினார்கள். நமக்கு ஓசியில் வந்த காவல்காரன் இது. கடிக்குதேன்னு பூச்சிமருந்தை அடிச்சு மொத்தமா காலி பண்ணிடாதீங்க. பறிக்கும் கிளையில் மட்டும் கூட்டை ஒதுக்கிவிட்டால் போதும்.

ஐரோப்பாவில் முசுறைப் பார்க்கணும்னா இப்போ ஆம்பருக்குள்தான் பார்க்கணும். நம்ம தோப்பில் இன்னும் உயிரோட இருக்கு!