கலப்பு மரபும் காட்டழிவும்: ‘வேட்டை’யைத் தமிழாக்குதல்

மகாசுவேதா தேவியின் ‘சிகார்’ (வேட்டை) என்னும் வங்கச் சிறுகதையின் தலைமகள் மேரி ஒராவோன், பழங்குடித் தாய்க்கும் வெள்ளைத் தோட்ட முதலாளியின் மகனுக்கும் பிறந்தவள். அப்பகுதிச் சாலமரங்களை அற்பக் கூலிக்கு வெட்டுவித்து லாரியில் ஏற்றும் வணிகன் அவளையும் கைக்கொள்ள முயல்கிறான். மகளிர் வேட்டை விழாவன்று அவள் அவனைக் கொல்கிறாள். கதாசிரியர் பழங்குடியினர் அல்லர் என்பதும் கருதத்தக்கது.

1995-இல் நியூயார்க்கில் வெளிவந்த ‘இமேஜினரி மேப்ஸ்’ தொகுப்பில் காயத்ரி ஸ்பிவாக், மூலத்திலேயே ஆங்கிலமாக நின்ற சொற்களைச் சாய்வெழுத்தில் தந்தார். தமிழாக்குவோர் அவற்றைத் தூய தமிழாக்கினால் குடியேற்ற ஆட்சியின் தடம் மறையும்.

மேரியின் பேச்சுக்குக் கொல்லயில், பாறசாலை ஊர்களின் தமிழ்–மலையாளக் கலப்பு வழக்கு பொருந்தும் எனத் தோன்றலாம். 1956-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தில் இணைய, இவ்வூர்கள் அடங்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. பேச்சோ எல்லைக்கோட்டின்படி பிரியவில்லை. அகத்தியமலைக் காணிக்காரர் மொழியிலும் இரண்டும் விரவியுள்ளன. ஆயின் இக்கலப்பு அண்டை வாழ்வில் விளைந்தது. மேரியின் கலப்போ முதலாளியின் அதிகாரத்தில் விளைந்தது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைப்பது பொருந்தாது.

மரப்பெயர் இதனினும் நுண்ணிய சிக்கல். சாலமரத்தின் பிசினே குங்கிலியம். ஆனால் ‘குங்கிலிய மரம்’ என்றால் தமிழ் வாசகர் கோயிற் புகையையும் குங்கிலியக் கலய நாயனாரையுமே நினைப்பர். லாரியில் ஏறும் அடிமரம் கண்முன் வராது. ‘சால்’ என்று மட்டும் விட்டால் உழுசாலோடும் நீர்ச்சாலோடும் மயங்கும். ‘சாலமரம்’ என்பதே தகும்.