சேலத்து வெள்ளைக்கல்லும் அயனிப் பிணைப்பும்

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்துக் குன்றுகளில், பாறையின் பிளவுகளூடே வெள்ளை நரம்புகளாகப் படர்ந்து கிடக்கும் மக்னசைட் என்னும் கனிமத்தை அப்பகுதியினர் வெள்ளைக்கல் என்கின்றனர். பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்லை ஒத்திருந்தாலும், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டினால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைத்தெழும். வெள்ளைக்கல்லோ அமிலத்தைச் சூடாக்கினால்தான் நன்கு நுரைக்கும். இக்கல்லைச் சுட்டுப் பெறும் மக்னீசியம் ஆக்சைடு என்னும் பொருள், எஃகு உலைகளின் உட்சுவரில் பதிக்கப்படும் வெப்பந்தாங்கு செங்கல்லுக்கு மூலப்பொருளாகிறது. சூளையில் எளிதில் சிதையும் கல்லிலிருந்து உலைத்தீக்கும் அசையாத பொருள் எவ்வாறு பிறக்கிறது என்பதற்கான விடை அயனிப் பிணைப்பில் உள்ளது.

மக்னீசியம் அணு தன் வெளிக்கூட்டிலுள்ள இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இரண்டு நேர்மின்சுமை கொண்ட நேரயனியாகவும், ஆக்சிஜன் அணு அவ்விரண்டையும் ஏற்று எதிரயனியாகவும் மாறுகின்றன. இவ்வாறு மின்சுமை பெற்ற துகளே அயனி. எதிரெதிர் மின்சுமைகளின் ஈர்ப்பே அயனிப் பிணைப்பு. எலக்ட்ரான்களைப் பிரித்தெடுக்க ஆற்றல் செலவாகிறது என்றாலும், எண்ணற்ற அயனிகள் ஒழுங்காக அடுக்கப்பட்டு அணிக்கோவையாக அமையும்போது வெளிப்படும் ஆற்றல் அச்செலவை விஞ்சிவிடுவதால், சேர்மம் நிலைபெறுகிறது.

மக்னசைட் மக்னீசியம் கார்பனேட்டால் ஆனது. கார்பனேட் அயனிக்குள் கார்பனும் ஆக்சிஜனும் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைந்திருக்க, உருவில் சிறியதும் இரட்டை மின்சுமை உடையதுமான மக்னீசியம் அயனி அந்த எலக்ட்ரான் திரளைத் தன்பால் இழுத்து அதன் உள்பிணைப்பைத் தளர்த்துகிறது. ஆகவே சுண்ணாம்புக்கல் சிதைவதற்குத் தேவைப்படுவதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே வெள்ளைக்கல்லிலிருந்து கார்பன் டைஆக்சைடு வெளியேற, தூய கல் 100 கிலோவுக்குச் சுமார் 48 கிலோ மக்னீசியம் ஆக்சைடு எஞ்சுகிறது. இதை 1,500 பாகை செல்சியசுக்கு மேல் மீண்டும் சுட்டால், துகள்கள் நெருங்கி இறுகி, நீருடன் எளிதில் வினைபுரியாத கெட்டிப்பொருளாகின்றன.

கார்பனேட்டைச் சிதைத்த அதே மின்சுமைதான் ஆக்சைடை உறுதிப்படுத்துகிறது. சாப்பாட்டு உப்பிலும் மக்னீசியம் ஆக்சைடிலும் ஒவ்வோர் அயனியையும் எதிர்ச்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்திருக்கும் ஒரே அமைப்பே காணப்படுகிறது. ஆனால் உப்பில் ஒற்றை மின்சுமைகள் ஒன்றையொன்று ஈர்க்க, ஆக்சைடில் இரட்டை மின்சுமைகள் ஈர்ப்பதால் விசை நான்கு மடங்காகிறது. அயனிகளின் இடைவெளியும் குறைவென்பதால் விசை மேலும் கூடுகிறது. இதனால்தான் உப்பு 801 பாகையில் உருக, மக்னீசியம் ஆக்சைடு ஏறத்தாழ 2,850 பாகை வரை தாங்குகிறது. எஃகு உருகி நிற்கும் 1,600 பாகை அதற்கு மிகவும் தாழ்வானதே. உப்பு நீரில் தாராளமாகக் கரைய, ஆக்சைடு மிகச் சிறிதளவே கரைவதற்கும் இந்த வலிய ஈர்ப்பு முக்கிய காரணமாகும்.

திண்ம நிலையில் அயனிகள் இடம்பெயர முடியாமையால் இச்சேர்மங்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. உருகினாலோ, கரையக்கூடியவை நீரில் கரைந்தாலோ அயனிகள் விடுபட்டுக் கடத்துகின்றன. மின்சாரத்தைத் தடுத்து வெப்பத்தை மட்டும் கடத்துவதால், மின்சூடேற்றிக் குழாய்களுக்குள் கம்பிச்சுருளைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடுத் தூளை அடைக்கின்றனர்.

இப்பிணைப்புக்கு ஒரு குறையும் உண்டு. அடியோ திடீர் வெப்பமாற்றமோ அயனி அடுக்கைச் சற்று நகர்த்தினால், ஒத்த மின்சுமைகள் எதிரெதிரே வந்து விலக்கிக்கொள்ள, பொருள் நொறுங்கிவிடும். எனவே எஃகு உலைகளுக்கான செங்கல் பலவற்றில் கிராஃபைட்டைக் கலக்கின்றனர். எலக்ட்ரான் பகிர்வால் உருவான அதன் தாள்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கவும் வெப்பத்தை விரைந்து பரப்பவும் வல்லவை என்பதால், விரிசல் விடுவது குறைகிறது.