மழைக் கணக்கு வழியில் தவறாதிருக்க

கொங்கு நாட்டில் மழை ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை உழவர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தென்மேற்குப் பருவத்தில் வால்பாறையில் மழை கொட்டும்போது, மலைக்குக் கிழக்கே சுல்தான்பேட்டையிலும் பல்லடத்திலும் பெரும்பாலும் காற்றே வீசும். ஓர் ஊரின் மழையைக் கொண்டு மற்றோர் ஊருக்குக் கணக்கெழுத இயலாது. இக்குறையைப் போக்கும் பொருட்டே, கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மாநிலத்தின் ஊராட்சி ஒன்றியங்களில் தானியங்கி வானிலை நிலையங்களை நிறுவியுள்ளது. மழை, வெப்பம், ஈரப்பதம், காற்று ஆகியவற்றை இவை அளந்து அனுப்புகின்றன. உழவர்க்கான அறிவுரைகளுக்கு இவ்வளவுகள் துணை செய்கின்றன. வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டிலோ, குறிப்பிட்ட நிலையத்தின் பதிவைக் கொண்டே இழப்பீடு கணக்கிடப்படும். ஆகவே, கணக்கு வழியில் தொலைந்தால் நட்டம் உழவருடையதே.

இக்கணக்கு எவ்வாறு பயணம் செய்கிறது? இத்தகைய நிலையங்களில் பொதுவாகப் பதிவுக் கருவி ஒன்றும், சிம் அட்டை பொருத்திய மோடம் ஒன்றும் இருக்கும். மோடம் செல்பேசிக் கோபுரத்தின் வழியே தொலைவிலுள்ள சர்வர் கணினியுடன் தொடர்பு கொள்கிறது. அத்தொடர்பின் முனைக்குச் சாக்கெட் என்று பெயர்.

பதிவுக் கருவி தரும் எண்களை மோடம் ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. பஃபர் எனப்படும் சிறு தேக்கத்தில் சேர்த்து, பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறது. நம் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துப் பார்ப்போம். வீட்டுக்கு ஒரு லிட்டராகத் தனித்தனி வண்டியில் பால் அனுப்புவாருண்டோ? கேனில் சேர்த்தே அனுப்புகிறோம். ஆயினும், கேன் நிறையட்டும் என்று மாலை வரை காத்திருந்தால் பால் கெட்டுவிடும். எனவே அளவு, நேரம் ஆகிய இரண்டுக்கும் வரம்பு தேவை.

மோடத்திலும் இவ்விரு வரம்புகளையே அமைக்கிறோம். சில மோடங்களில் தொடக்க அமைப்பு 300 பைட், 5 விநாடி என்றிருக்கும். ஓர் எண் குறி ஒரு பைட் இடம் கொள்ளும். 300 பைட் சேர்ந்தவுடன், அல்லது சேராவிடினும் 5 விநாடி கழிந்தவுடன், பொட்டலம் புறப்படும். முகவரி முதலியன தாங்கிய உறைக்கே பொட்டலத்துக்கு 40 பைட் செலவாகும். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு, பதிவொன்று 50 பைட் எனக் கொள்வோம். மணிக்கு 6 பதிவுகளைத் தனித்தனியே அனுப்பினால் 540 பைட் செல்லும். பதிவுக் கருவியிலேயே நிறுத்திவைத்து, ஒரே முறையில் மோடத்திடம் கொடுத்தால் 340 பைட் போதும். மோடம் விழித்திருக்கும் நேரமும் குறைவதால், மேகமூட்டமான நாட்களில் மின்கலத்தின் மின்சாரம் மிஞ்சும். பெருமழையின்போது மட்டும், மணி நிறையக் காத்திராமல் உடனே அனுப்புமாறு அமைத்தல் நலம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. பஃபர் களஞ்சியமன்று. மின்சாரம் நின்றால் அதிலுள்ளவை அழிந்துவிடும். மோடம் எண்களை வாங்கிக்கொண்டது என்பதனால் அவை சர்வரைச் சேர்ந்துவிட்டன என்று கொள்ளலாகாது. வண்டியில் ஏற்றிய பாலுக்கு, ரசீது வந்த பின்னரே கணக்கு முடிகிறதன்றோ? அதுபோலவே, சர்வரிடமிருந்து ஒப்புதல் வரும் வரை பதிவுக் கருவி தன் நினைவகத்திலிருந்து எதையும் நீக்கலாகாது. ஒப்புதல் வராவிடில் மீண்டும் அனுப்ப வேண்டும். பதிவுதோறும் நாளும் நேரமும் வரிசை எண்ணும் இருந்தால், இருமுறை வந்த மழை இருமுறை எண்ணப்படாது. புயலும் பெருமழையும் வரும்போதே கோபுரங்களில் மின்தடை நேர்வதுண்டு. முக்கியமான கணக்கு தொலையும் நேரமும் அதுவே.

ஊராட்சிகள் மழைமானிக்கோ குடிநீர்த் தொட்டியின் நீர்மட்டத்துக்கோ இத்தகைய கருவி வாங்கும்போது நான்கு செய்திகளைக் கேட்டறிதல் வேண்டும். பொட்டல அளவையும் காத்திருக்கும் நேரத்தையும் மாற்ற இயலுமா? தொடர்பற்றபோது எத்தனை நாள் பதிவுகள் நிலைக்கும்? ஒப்புதலுக்குப் பின்னரே பதிவு நீக்கப்படுமா? மீண்டும் வரும் பதிவை சர்வர் இனங்காணுமா?

வாய்ச்சொல்லோடு நில்லாமல் சோதித்தும் பார்க்கலாம். கருவியை ஏற்கும் நாளில் மோடத்தின் மின் இணைப்பை 2 மணி நேரம் துண்டித்து, மழைமானியில் அளந்த நீரை மெல்லச் சொட்டவிடுவோம். பின் இணைப்பை மீட்போம். அந்நீர் முழுவதும் உரிய நேரக் குறிப்புடன் சர்வரில் காணப்படின் கருவியை ஏற்கலாம். இன்றேல் அமைப்பைத் திருத்தித் தருமாறு கேட்பதே ஊராட்சியின் கடமை.