புகைவண்டியும் புகைப்படமும்: பதிவும் திருத்தமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு உலகுக்கு அளித்த புதுமைகளுள் இரண்டு, தமிழில் 'புகை' என்னும் சொல்லை முதலாகக் கொண்டு பெயர் பெற்றன. ஒன்று புகைவண்டி, மற்றொன்று புகைப்படம். பின்னதனை ஒளிப்படம் என்றும் நிழற்படம் என்றும் வழங்குவதே பொருத்தம் என அறிஞர் கூறுவர். ஆயினும் மக்கள் நாவில் புகைப்படமே நிலைத்துவிட்டது. 1830-இல் இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1839-இல் பிரான்சு நாட்டில் தாகேர் என்பாரின் ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரே தலைமுறையில் தோன்றிய இவ்விரண்டும் தொடக்கம் முதலே ஒன்றையொன்று நாடி வந்துள்ளன எனலாம்.

நீராவி எஞ்சின்கள் இன்று அருகிவிட்டன. இந்தியாவில் புதிய நீராவி எஞ்சின்களின் தொடர் உற்பத்தி 1970-களின் தொடக்கத்தில் நின்றது. 1990-களின் இறுதிக்குள் மலைப்பாதைகள் போன்ற சிலவற்றைத் தவிர ஏனைய தடங்களில் அவை ஏறத்தாழ மறைந்தன. ஆகவே, அவற்றைப் படமெடுப்போர் அழகைத் தேடுவோர் மட்டுமல்லர். மறைந்துவரும் ஒன்றுக்குச் சான்று தேடுவோரும் ஆவர். அவ்வாறாயின், எடுத்த படத்தை எவ்வளவு திருத்தலாம்? எத்திருத்தம் கலை? எத்திருத்தம் பொய்? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீராவியின் இயல்பு

முதற்கண் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். நீராவி கண்ணுக்குப் புலப்படாத ஒன்று. எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து வெண்முகிலாக எழுவது, நீராவி குளிர்ந்து நுண்துளிகளாக மாறிய நிலையே ஆகும். காற்று குளிர்ந்தும் ஈரம் மிகுந்தும் இருக்கும்போது இம்முகில் பெரிதாகத் திரண்டு நெடுநேரம் நிற்கும். வெயில் ஏறிய உலர்ந்த நண்பகலில் எழுந்தவுடன் கரைந்துவிடும். எனவேதான் தேர்ந்த ஒளிப்படக் கலைஞர்கள் வைகறையையும் பனிக்காலத்தையும் நாடுகின்றனர். கரும்புகையோ முழுமையாக எரியாத எரிபொருளின் கரித்துகள். வெண்மை நீரின் கதையையும், கருமை நெருப்பின் கதையையும் சொல்கின்றன.

தொல்காப்பியர் முதற்பொருள் என நிலத்தையும் பொழுதையும் வைத்தார். அவ்விரண்டும் அமைந்த பின்னரே கருவும் உரியும் பொருள் பெறும். நீராவி எஞ்சினைப் படமெடுப்போர்க்கும் இவ்வரிசை பொருந்துகின்றது. நிலமும் பொழுதும் அமையாவிடில் எஞ்சின் வெறும் இரும்பாகவே படத்தில் நிற்கும்.

கருமையும் வெண்மையும்

எஞ்சின் பெரும்பாலும் கரியது. அதன் ஆவி வெண்மையானது. இவ்விரண்டையும் ஒரே படத்தில் காட்டுவது எளிதன்று. கேமராவின் ஒளிமானி, தான் காணும் காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது எனக் கொண்டே அளவு கூறும். கரிய எஞ்சின் சட்டத்தை நிறைத்தால், 'ஒளி போதாது' என அது தவறாகக் கணித்து மிகுதியான ஒளியை உள்ளே விடும். விளைவாக வெண்முகிலின் மடிப்புகள் யாவும் மறைந்து, படத்தில் வெற்று வெள்ளைத் திட்டு எஞ்சும். பிலிம் காலத்தில் நிழற்பகுதிக்கு ஏற்ப ஒளியை அளந்து, கழுவும்போது வெண்மையைக் கட்டுப்படுத்தினர். இன்றைய டிஜிட்டல் கேமராவில் இது தலைகீழாகும். முதலில் வெண்மையைக் காத்தல் வேண்டும். கருமையைப் பின்னர்த் திருத்தத்தில் மீட்டுக்கொள்ளலாம். வெளுத்துப்போன ஆவியை எவராலும் மீட்க இயலாது.

அடுத்து, இயக்கம். ஷட்டரை நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவில் இயக்கினால், விரையும் வண்டியும் நின்றுவிட்டது போலத் தோன்றும். முப்பதில் ஒரு பங்கு அளவில் வைத்து, வண்டியின் வேகத்துக்கு இணையாகக் கேமராவையும் திருப்பினால், எஞ்சின் தெளிவாகவும் பின்புலம் கோடுகளாகவும் அமையும். சக்கரங்கள் சுழல்வதும் புலப்படும். விரைவை உணர்த்துவது இம்முறையே. சக்கரங்களை இணைக்கும் தண்டு கீழ்நோக்கி இருக்கும் கணத்தில் படமெடுப்பதை விரும்புவோர் பலர். அப்போது சக்கரங்களின் வடிவம் தடையின்றி விளங்கும்.

லிங்க்கின் இரவுகள்

இத்துறையில் பெரும்புகழ் பெற்றவர் அமெரிக்கரான ஓ. வின்ஸ்டன் லிங்க் (1914–2001). நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து, விளம்பரப் படங்கள் எடுத்து வாழ்ந்த அவர், 1955 சனவரியில் பணி நிமித்தம் வர்ஜீனியா மாநிலத்துக்குச் சென்றார். நார்ஃபோக் அன்டு வெஸ்டர்ன் இரயில்வே அங்கு இன்னும் நீராவியையே நம்பி வண்டிகளை இயக்கி வந்தது. அந்நாட்டுப் பெரு இரயில் நிறுவனங்களுள் இறுதிவரை நீராவியைக் கைவிடாதது அதுவே. 1960-இல் அங்கும் நீராவி முடிவுற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் லிங்க் தம் சொந்தச் செலவில் மீண்டும் மீண்டும் சென்று ஏறத்தாழ 2,400 படங்களைப் பதிவு செய்தார்.

அவர் தேர்ந்தது இரவு. கதிரவனையும் தண்டவாளத்தையும் தம்மால் நகர்த்த இயலாது. ஆயின் இருளில் ஒளியைத் தாமே அமைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கருத்து. எஞ்சின் கடக்கும் ஒரு கணத்துக்காகப் பல மணிநேரம் கம்பிகள் இழுத்து, ஃபிளாஷ் பல்புகளை மறைவிடங்களில் பொருத்திக் காத்திருந்தார். கரிய வானத்தில் ஒளியூட்டப்பட்ட வெண்முகில், பகலில் எவரும் காணாத பேருருவம் கொண்டது.

அவர் படங்களுள் மிகப் புகழ்பெற்றது 1956 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவின் ஐகர் என்னும் ஊரில் எடுத்ததாகும். திறந்தவெளித் திரையரங்கு ஒன்று, வரிசையாகக் கார்கள், முன்னே ஒரு காரில் ஓர் இளைஞனும் ஓர் இளம்பெண்ணும், திரையில் ஒரு போர் விமானம், அதன் பின்னே முகிலைக் கக்கியவாறு விரையும் நீராவி எஞ்சின். ஊர்தியின் மூன்று காலங்களை ஒரே சட்டத்தில் காட்டும் படம் இது. ஆயின் பல்புகளின் பேரொளியில் திரைக்காட்சி வெளிறிப் போனது. ஆகவே விமானக் காட்சியை லிங்க் தனியே படமெடுத்து, இருட்டறையில் திரையின் இடத்தில் சேர்த்து அச்சிட்டார்.

இது பொய்யா? எஞ்சின் உண்மையாகவே அவ்விரவில் அங்கே சென்றது. திரையில் காட்சி ஓடியதும் உண்மை. கண் கண்டதைக் கேமராவால் காண இயலாமற்போன இடத்தில், அக்குறையை ஈடு செய்யவே திருத்தம் வந்தது. அது செய்யப்பட்ட முறையும் மறைவன்று. இன்று அப்படத்தைப் பற்றிப் பேசுவோர் அதனையும் சேர்த்தே பேசுகின்றனர்.

திருத்தத்தின் பழமை

திருத்தம் கணினியோடு பிறந்தது என எண்ணுதல் தவறு. 1850-களில் பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானுக்கு ஒரு நெகட்டிவும் எடுத்து இரண்டையும் இணைத்து அச்சிட்டார். அக்காலப் படப்பூச்சில் கடலுக்குப் போதுமான ஒளியைக் கொடுத்தால் வானம் வெளுத்துவிடும் என்பதே காரணம். எஞ்சின் தொழிற்சாலைகளும் பின்தங்கவில்லை. புதிதாகக் கட்டிய எஞ்சினுக்குப் படத்துக்காகவே சாம்பல் வண்ணம் பூசுவர். உறுப்புகள் தெளிவாக விளங்குவதற்காக நெகட்டிவில் பின்புலத்தையும் மறைத்துவிடுவர். அப்படங்களில் எஞ்சின் வெற்று வெளியில் மிதப்பது போல நிற்பதைக் காணலாம். பொறியியற் பயன் கருதிய அத்திருத்தம் எவரையும் ஏமாற்றவில்லை.

நாம் செய்த பிழை

நம் நாட்டில் இக்கலையைப் பயில ஏற்ற இடம் நீலகிரி மலை இரயில் பாதை. மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரை 1899-இலும், உதகை வரை 1908-இலும் இப்பாதை திறக்கப்பட்டது. 46 கிலோமீட்டர் நீளமுடைய இதனை 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல்தண்டு உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதனைப் பற்றி ஏறுகின்றது. பல்தண்டுப் பகுதி தொடங்கியதும் எஞ்சினின் இரண்டாம் இணை உருளைகளும் இயங்கத் தொடங்குவது கண்கொள்ளாக் காட்சி. இங்கு மலையேறும்போது எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னிருந்து தள்ளுகின்றது. முதலில் வருவது பெட்டி. இறுதியில் வருவது எஞ்சின்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மார்கழிக் காலையில் மாணவர் சிலருடன் கல்லாற்றில் காத்திருந்தோம். பாதையை விட்டு விலகி, அனுமதிக்கப்பட்ட இடத்திலேயே நின்றோம். முகில் நிறைந்த நல்ல படமொன்று வாய்த்தது. ஆயின் பெட்டிகள் முன்னே நின்று காட்சியை மறைப்பனவாகத் தோன்றவே, அவற்றை வெட்டி நீக்கி, எஞ்சினை மட்டும் வைத்தோம். சாய்ந்திருந்த தண்டவாளத்தையும் கணினியில் சமன்செய்தோம். பழமை தோன்றப் பழுப்பு நிறமும் ஊட்டினோம். துறையின் சுவரிதழில் அதனை ஒட்டியபோது பாராட்டுகள் குவிந்தன.

கல்லூரி விழாவுக்கு வந்திருந்த முதியவர் ஒருவர் அப்படத்தின் முன் நெடுநேரம் நின்றார். இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர் அவர். "தம்பி, இந்த எஞ்சின் தள்ளிக்கொண்டு போன வண்டி எங்கே? மலையையும் காணோமே!" என்றார். பிறகு, "இது எந்த வருஷத்துப் படம்?" என்றும் வினவினார். நாம் ஆண்டைச் சொன்னதும் புன்னகைத்தார், வேறொன்றும் கூறவில்லை.

அவர் கேட்ட பின்னரே நாம் செய்தது விளங்கிற்று. வெட்டியதால் தள்ளும் எஞ்சின் தனித்தோடும் எஞ்சினாயிற்று. சமன்செய்ததால் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயரும் அரிய ஏற்றம் சமவெளியாயிற்று. பழுப்பு நிறத்தால் நேற்றைய படம் நூறாண்டுப் படம் போல நடித்தது. மூன்று திருத்தங்களும் தனித்தனியே சிறியவை. மூன்றும் கூடி அப்பாதையின் சிறப்பனைத்தையும் அழித்துவிட்டன.

திருத்தங்களைத் தேரும் முறை

அப்பிழையிலிருந்து நாம் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கலாம்.

வெட்டுதல்: ஓரத்தில் கவனத்தைச் சிதறச் செய்வதை நீக்கலாம். பொருளின் இயல்பை விளக்கும் உறுப்பை நீக்கலாகாது. 'இப்பகுதி இல்லையெனில் காண்பவர் வேறொன்றாகப் புரிந்துகொள்வாரா?' எனும் வினாவே இங்கு அளவுகோல்.

நேராக்குதல்: கேமரா சாய்ந்திருப்பின் நேராக்குதல் முறையே. ஆயின் மலைப்பாதையில் தண்டவாளத்தை அளவாகக் கொள்ளாது, கட்டடச் சுவர், கம்பம் போன்ற செங்குத்தானவற்றை அளவாகக் கொள்ள வேண்டும்.

ஒளியும் நிழலும்: கரிய சக்கரங்களின் இடையே புதைந்த நுட்பங்களை மேலெழச் செய்வதும், ஆவியின் வெண்மையைச் சற்றே அடக்குவதும் வரவேற்கத்தக்கவை. மனிதக் கண் நேரில் கண்டதற்கு அருகில் படத்தைக் கொண்டுசெல்வன இவை. மிகைப்படின் இரும்பு நெகிழிப் பொம்மை போலத் தோன்றும்.

கருப்பு வெள்ளை: வண்ணத்தை நீக்கினால் வடிவமும் ஆவியும் முதன்மை பெறும். நீலவானைக் கருமையாக்கி வெண்முகிலை எடுத்துக்காட்டப் பிலிம் காலத்தில் சிவப்பு வடிகட்டி பயன்பட்டது. அதே விளைவைக் கணினியிலும் பெறலாம். நீலகிரிப் பெட்டிகளின் நீலத்தைச் சொல்வதே நோக்கமாயின் வண்ணத்தை விட்டுவைத்தல் நன்று.

பழுப்பு நிறம்: முற்காலத்தில் படத்திலுள்ள வெள்ளியை வெள்ளி சல்பைடாக மாற்றி நீண்டநாள் நிலைக்கச் செய்யவும் இம்முறை உதவியது. இன்றோ பழமையின் சாயலுக்காக மட்டும் பூசப்படுகின்றது. விரும்புவோர் பூசலாம், படத்தின் கீழ் எடுத்த நாளையும் இடத்தையும் எழுதிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

நீக்கலும் சேர்த்தலும்: மின்கம்பியையும் குப்பைத் தொட்டியையும் நீக்கலாமா எனப் பலர் கேட்கின்றனர். சுவரில் மாட்டும் கலைப்படமாயின் நீக்கலாம்; வரலாற்றுப் பதிவாயின் ஆகாது. இல்லாத புகையைச் சேர்த்தல் இதனினும் கடுமையானது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று ஒரு சொற்றொடரைக் கேட்டு, எங்கும் ஓடாத எஞ்சினையும் வரைந்து தருகின்றன. ஓவியம் என்ற பெயரில் அதற்கும் இடமுண்டு. ஒளிப்படம் என்ற பெயரில் இல்லை.

ஏடும் படமும்

தமிழ் பயில்வோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கி உழைத்தார். செல்லரித்த ஏட்டில் ஓர் எழுத்துச் சிதைந்திருப்பின், நல்ல பதிப்பாசிரியர் ஊகம் செய்வார். ஆனால் ஊகம் இது, ஏட்டிலுள்ள பாடம் இது எனப் பிரித்துக் காட்டுவார். மூல ஏட்டின் மேல் மை கொண்டு எழுதமாட்டார். ஒளிப்படத்தின் மூலக்கோப்பும் நெகட்டிவும் நமக்கு ஏடுகளே. திருத்திய படத்தைத் தனியே வைத்து, மூலத்தைத் தொடாது காத்தல் நம் கடமை. என்ன செய்தோம் என்பதை ஒருவரியில் எழுதிவைத்தல் நேர்மை.

நம் சுவரிதழில் இப்போது அதே படத்தின் மூலவடிவம் இருக்கின்றது. முன்னே நீலப்பெட்டிகள், பெட்டியின் முகப்பில் கொடியேந்திய பிரேக்குக்காரர், சாய்ந்து ஏறும் தண்டவாளம், கடைசியில், வெண்முகிலுக்குள் பாதி மறைந்த எஞ்சின். முன்னைய படத்தைப் போல அது கண்ணைக் கவர்வதில்லை என மாணவர் சிலர் கூறுகின்றனர். உண்மையே. ஆயின் மறுமுறை அம்முதியவர் வந்தால், தாம் பணிசெய்த இரயில் இதுதான் என்று கூறுவார். மறைந்துவரும் ஒன்றைப் படமெடுப்போர் பெறத்தக்க பாராட்டு அதனினும் வேறில்லை.