பின் இருக்கையில் உட்கார்ந்த அன்று

மகனுக்கு வேலை கிடைத்த அன்றிரவே வீட்டில் மோட்டார் பேச்சு தொடங்கிவிட்டது. வேலை கோலாலம்பூரில், பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம். வீடு கிள்ளானில். ஒரு வாரம் காலை எட்டரை மணிக்கு வேலை தொடங்கும். மறு வாரம் இரவு பத்தரைக்குத்தான் முடியும்.

"கொமுட்டர்ல போய்ட்டு வாடா" என்றாள் அவன் அம்மா. காலை ஷிப்டுக்கு அது சரி. இரவு பத்தரைக்கு வேலை முடிந்து, இரயிலுக்குக் காத்திருந்து, கிள்ளானில் இறங்கி, அங்கிருந்து தாமானுக்கு வருவது எப்போது? கார் வாங்கலாம் என்றால் முதல் சம்பளத்திலேயே மாதத் தவணை பாதியைத் தின்றுவிடும். மோட்டாருக்குப் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் டோல் கிடையாது. எண்ணெய்ச் செலவும் குறைவு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தக் கணக்கு இப்படித்தான் முடிகிறது. எங்கள் வீட்டிலும் அப்படியே முடிந்தது. என்னுடைய பழைய கப்சாய் அவனுக்கு என்று முடிவானது.

அவனுக்கு வயது 20. 'பி' ஒட்டுவில்லையை இப்போதுதான் கழற்றினான். ஆனால் தாமான் கடை, பந்து விளையாடும் திடல் இவற்றைத் தாண்டி அதிகம் ஓட்டியதில்லை. அதனால் மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஒரு நாள் நீங்க பின்னாடி உட்கார்ந்து போய்ட்டு வாங்க. அவன் ஓட்டுறதைப் பார்த்துட்டு நீங்க சரின்னு சொன்னா போகட்டும்."

நான் 22 ஆண்டுகளாக அதே சாலையில் வேலைக்குப் போய் வருகிறவன். சோதனை அதிகாரியைப் போல மிடுக்காகத்தான் பின்னால் ஏறினேன்.

இரண்டு முறை ஹார்ன்

நெரிசல் உச்சத்தில் இருக்கும்போதே பார்த்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலையில் கிழக்கு நோக்கிப் போகிறோம், மாலையில் மேற்கு நோக்கித் திரும்புகிறோம். ஆகவே இரண்டு வேளையும் வெயில் முகத்தில்தான் அடிக்கும். நமக்குக் கண் கூசுகிறது என்றால் பக்கத்தில் வரும் காரோட்டிக்கும் கூசும். அவர் நம்மைப் பார்த்திருப்பார் என்று நம்ப முடியாத நேரம் அது. இதை அவனிடம் சொன்னேன். தலையாட்டினான்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று தனிப் பாதை இருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். 1970-களில் அதன் முதல் பகுதி கட்டப்பட்டபோது, உலகிலேயே மோட்டார்களுக்கென்று தனியாக அமைக்கப்பட்ட முதல் பாதைகளுள் அதுவும் ஒன்று. பிறகு 1990-களில் அது நீட்டிக்கப்பட்டது. கார்களும் லோரிகளும் பக்கத்தில் இல்லை என்பதே அதன் பெரிய பாதுகாப்பு.

அதற்கும் சில குணங்கள் உண்டு. சாலைச் சந்திப்புகளுக்கு அடியில் அது குறுகிய சுரங்கம்போலப் புகுந்து போகும். உள்ளே வளைவு இருக்கும், வெளிச்சம் குறைவாக இருக்கும், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் யாராவது மோட்டாரை நிறுத்தி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டிருக்கலாம். எதிர்த்திசையில் வருகிற புண்ணியவான்களும் உண்டு.

முதல் சுரங்கத்துக்கு முன்னால் மகன் இரண்டு முறை ஹார்ன் அடித்தான். 'டிட் டிட்'. வேகத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. உள்ளே நுழைந்து இடப்பக்கச் சுவரை ஒட்டி வளைந்து வெளியே வந்தான்.

எனக்கு ஏதோ நெருடியது. அடுத்த சுரங்கத்திலும் அதே இரண்டு ஹார்ன். அதே வேகம், இடப்பக்கம் அதே சாய்வு. அது நான் ஓட்டும் விதம். நான் அவனுக்கு ஒரு நாளும் இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை.

"இங்கதானே வெளிய வருவீங்க?"

சுபாங் பக்கம் ஒரு பெரியவர் பழைய மோட்டாரில் கூடை நிறைய காய்கறியோடு நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மோட்டார்கள். மகன் கொஞ்ச நேரம் பொறுத்தான். அடுத்த திறப்பு வந்ததும் மோட்டார் பாதையை விட்டு வெளியேறி, பெரிய சாலையில் கார்களோடு கலந்துவிட்டான்.

"டேய், எதுக்குடா வெளிய வந்த?"

"நீங்களும் இங்கதானே பா வெளிய வருவீங்க?"

எனக்குப் பதில் வரவில்லை.

ஆமாம், நான் அங்கேதான் வெளியே வருவேன். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்கவும் தேவையில்லை. தமிழ்ப்பள்ளிக்கு என் பின்னால் உட்கார்ந்து போனவன், டியூஷனுக்குப் போனவன், தீபாவளிக்கு முன்பு பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகளுக்கு இதே சாலையில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவன். ஓட்டுநர் பள்ளியில் அவன் படித்தது சில நாள். என் பின் இருக்கையில் படித்தது பத்து ஆண்டுக்கும் மேல்.

பெட்டாலிங் ஜெயாவை நெருங்கும்போது கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இரண்டு தடங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் புகுந்து போக ஆரம்பித்தான். நானும் தினமும் செய்வதுதான். ஓட்டும்போது அது ஓர் ஆறு மாதிரி இருக்கும், தானாக வழி திறக்கும். பின்னால் உட்கார்ந்து பார்த்தால் அப்படி இல்லை. என் முழங்கால்களுக்கு ஒரு சாண் தள்ளி இரு பக்கமும் கார்க் கண்ணாடிகள் வெட்டிக்கொண்டு போயின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கார்கள் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஊர்கின்றன, நாம் 70-இல் நடுவே போகிறோம். வித்தியாசம் 55. அதாவது விநாடிக்கு 15 மீட்டர். மூன்று கார் நீளத்துக்கு முன்னால் இருக்கும் வண்டி ஒரே விநாடியில் நம் பக்கத்தில் வந்துவிடும். அந்தக் காரோட்டி பக்கத்துத் தடம் கொஞ்சம் நகர்கிறதே என்று திருப்ப நினைத்தால், அவர் கண்ணாடியைப் பார்ப்பதற்கும் நாம் பிரேக்கைத் தொடுவதற்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரு விநாடிதான். அதே இடத்தில் நாம் 30-இல் போனால் மூன்றரை விநாடி கிடைக்கும்.

நம் நாட்டில் பெரும்பாலான ஆண்டுகளில் சாலை விபத்துகளில் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் மோட்டாரில் சென்றவர்கள். நாளிதழில் படிக்கும்போது இது வெறும் எண். மகனின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நினைத்தபோது அடிவயிறு கலங்கியது.

பதினொரு ஆண்டுப் பொய்

கோத்தா டாருல் ஏசான் நுழைவாயில் வளைவைத் தாண்டினால் கோலாலம்பூர். மிட் வெலியை நெருங்கும்போது பல பக்கச் சாலைகளிலிருந்து வண்டிகள் வந்து சேரும். வெளியேறும் வழியைக் கடைசி நேரத்தில் பார்த்துவிட்டு மூன்று தடம் தாண்டித் திருப்புகிறவர்களும் உண்டு. அங்கே வந்ததும் நான் அவன் தோளை அழுத்திப் பிடித்தேன். "மெதுவா போடா" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவன் வேகத்தைக் குறைத்து இடப்பக்கத் தடத்துக்கு வந்துவிட்டான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தோம். தோசையும் தே தாரிக்கும் வந்தன.

"என்னப்பா, பயந்துட்டீங்களா?"

பதினொரு ஆண்டுக்கு முன்பு அதே இடத்தில்தான் எனக்கு விபத்து நடந்தது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். அப்போது இவனுக்கு ஒன்பது வயது. "ஒரு கார்க்காரன் சிக்னல் போடாம திருப்பிட்டான்" என்றுதான் வீட்டில் சொன்னேன். எல்லாரும் அவரைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன்.

"அந்தக் கார்க்காரர் சிக்னல் போட்டார்டா" என்றேன். "நான் பார்த்தேன். அவர் திருப்புறதுக்குள்ள தாண்டிடலாம்னு நினைச்சேன். ரெண்டு லேனுக்கு நடுவுல எழுபதுல வந்தேன். தப்பு என்னோடது."

அவன் தோசையைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்புறமும் ஏன் பா அப்படியே ஓட்டுறீங்க?"

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பழக்கம் என்று சொல்லலாம். அன்றன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதால், நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன் என்பதுதான் உண்மை.

பேசி வைத்துக்கொண்டவை

இன்னொரு தே தாரிக் சொல்லிவிட்டு அப்பாவும் மகனுமாகச் சில விஷயங்களைப் பேசி வைத்துக்கொண்டோம். உங்கள் வீட்டிலும் மோட்டாரில் போகிறவர் இருந்தால் பயன்படலாம்.

மோட்டார் பாதை இருக்கும்வரை அதிலேயே போவது. முன்னால் பெரியவர் மெதுவாகப் போனால் போகட்டும். சுரங்கத்துக்கு முன்னால் ஹார்ன் அடிப்பதோடு வேகத்தையும் குறைப்பது. ஹார்ன் தண்ணீரையும் எண்ணெய்க் கசிவையும் அகற்றாது.

கார்களுக்கு நடுவே புகுந்து போகாமல் இருப்பதுதான் நல்லது. நெரிசலில் அப்படிப் போக நேர்ந்தால், ஊரும் கார்களைவிடச் சற்றே கூடிய வேகம் போதும். கார்கள் வேகமெடுக்கத் தொடங்கியதும் ஒரு தடத்துக்குள் வந்துவிட வேண்டும்.

பக்கத்துக் காரின் சிக்னலை மட்டும் நம்பாமல் முன் சக்கரத்தையும் பார்ப்பது. போடாத சிக்னல் உண்டு, ஆனால் சக்கரம் திரும்பாமல் கார் திரும்பாது. லோரிக்கும் பேருந்துக்கும் இடப்பக்கம் ஒட்டி நிற்கவே கூடாது. அதன் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கு நாமும் தெரியமாட்டோம்.

மழையில் முதல் பத்து நிமிடம்தான் மிக மோசம். சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் அதைவிட வழுக்கும். மழைக்கு மேம்பாலத்தின் கீழ் சாலையோரம் கும்பலாக நிற்பது நம் ஊர் வழக்கம். ஒரு கார் சறுக்கினால் ஒதுங்க இடமிருக்காது. எண்ணெய் நிலையத்துக்கோ, நெடுஞ்சாலைகளில் சில இடங்களில் மோட்டாரோட்டிகளுக்கென்று கட்டியிருக்கும் கூரைக்கோ போய்விடுவது நல்லது.

தலைக்கவசம் 1973 முதல் நம் நாட்டில் கட்டாயம். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. இரண்டும் எல்லாருக்கும் தெரியும். ஆனால் தலைக்கவசத்தின் வாரை மாட்டாமல் போகிறவர்கள் எத்தனை பேர்! வார் மாட்டாத கவசம் விழுகிற நேரத்தில் தலைக்கு முன்னால் பறந்துவிடும். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசம், வெளியே கீறல் தெரியாவிட்டாலும், மறுபடி உதவாது. சிறு பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறவர்கள் பிள்ளையின் தலை அளவுக்கு ஒரு கவசம் வாங்குங்கள். அப்பாவின் கவசத்தை மாட்டிவிட்டால் அது தொப்பிதான்.

தோளில் ஒரு தட்டு

அன்று மாலை மனைவியிடமும் உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பதினொரு வருஷமா அந்த மனுசனைத் திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்குக் காப்பி மேசைக்கு வரவில்லை, நானே போய்க் கலக்கிக்கொண்டேன்.

மகன் இப்போது வேலைக்குப் போய் வருகிறான். முதல் வாரத்தில் அவனே கணக்குப் பார்த்தான். வேலை தொடங்கிய அன்று பழைய பழக்கத்தில் கார்களுக்கிடையே புகுந்து போனபோது 44 நிமிடம். மறுநாள் அதே நேரத்துக்குக் கிளம்பி, மோட்டார் பாதையை விட்டு வெளியே வராமல் போனபோது 50 நிமிடம். ஆறு நிமிடம்தான். காலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு படுக்கையில் கிடக்கும் நேரம் அதைவிட அதிகம் என்று அவனே சொல்லிச் சிரித்தான். இரவு ஷிப்ட் வாரத்தில் கிளம்பும்போது ஒரு செய்தி, கிள்ளான் வந்ததும் ஒரு செய்தி அனுப்புகிறான். அவன் அம்மா அதுவரை தூங்குவதில்லை. நானும்தான்.

சென்ற சனிக்கிழமை அவனோடு ஒரு வேலையாகக் கோலாலம்பூர் போனேன். இந்த முறை நான் ஓட்டினேன், அவன் பின்னால். சுபாங் பக்கம் மோட்டார் பாதையில் முன்னால் ஒரு பழைய மோட்டார் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. திறப்பு வந்தது. நான் யோசிக்கவே இல்லை, கை தானாக அந்தப் பக்கம் திருப்பிவிட்டது.

என் தோளில் மெதுவாக ஒரு தட்டு விழுந்தது.

கைப்பிடியை நேராக்கிக்கொண்டு அந்தப் பழைய மோட்டாருக்குப் பின்னாலேயே போனேன்.